கமிஷன் வேலையும் வெட்டி வேலையும்

1

‘வெட்டியாச் சுத்துறான்’ என்று எங்கள் தெருவில் ஒருவனைச் சொன்னால் அவன் வேலை எதுவும் செய்யாதவன் என்று அர்த்தம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு 2013-ல் நான் வீடு வீடாகத் தண்ணி ஃபில்டர் விற்கப் போனேன். அப்போது பக்கத்து வீட்டில் இருந்தவங்க என் அம்மாவிடம் கேட்டது: ‘டை கட்டிக்கினு காலையில போறான், ராத்திரி வரான், கையில காசக் காணோம். வெட்டியாச் சுத்துறானா?’ எனக்குக் கோபம் வந்தது. நாளைக்குப் பத்து மணி நேரம் வெயிலில் நடக்கிறவனை இப்படிச் சொல்றாங்களேன்னு இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். வரலாற்றின்படியே சரி.

‘வெட்டி’ என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. ‘அமஞ்சி’ என்ற சொல்லும் இருக்கிறது. கூலி வாங்காமல் செய்தாக வேண்டிய உழைப்புக்கு அங்கே இந்தப் பெயர்கள். ஏரி வெட்டவும், சுமை தூக்கவும், அரசனுக்கும் ஊருக்கும் கோயிலுக்கும் கைகால் அசைக்கவும் ஆள் அனுப்ப வேண்டும், கூலி கேட்கக்கூடாது. அதே சொல் பின்னால் கிராமத்தின் கடைநிலை ஊழியனுக்குப் பெயராயிற்று. பிணம் எரிப்பவனுக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது. கடைசியில் ஒன்றும் செய்யாமல் ஊர் சுற்றுகிறவனுக்கும் அதுவே பெயர். கூலியில்லாமல் உழைத்தவனின் பெயரை எடுத்து உழைக்காதவனுக்கு வைத்துவிட்டது நம் மொழி. கூலி தராதவர்களுக்கு இந்த மொழியில் அப்படி ஒரு வசைச்சொல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘கமிஷன் மட்டும்’ என்று சொல்லி ஆள் எடுக்கும் வீட்டுக்கு வீடு விற்பனை வேலையைப் பற்றிப் பேசும்போது பலரும் அதை நவீனமான வேலை என்கிறார்கள். சுறுசுறுப்பு உள்ளவன் பிழைத்துக்கொள்வான், சோம்பேறி தோற்பான், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். சாதி எங்கே வருகிறது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை. அது கணக்கில் வருகிறது. கமிஷன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

2

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. ‘உடனடி வேலைவாய்ப்பு. எட்டாவது முதல் டிகிரி வரை. மாதம் 12,000 முதல் சம்பாதிக்கலாம்.’ சம்பளம் என்ற சொல் அதில் இல்லை. சம்பாதிக்கலாம் என்ற சொல்தான் இருந்தது. இலக்கணம் படித்தவனுக்கே அன்றைக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

மாடியில் ஒரு ஹால். காலையில் எட்டு மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட வேண்டும். நேற்று அதிகம் விற்றவன் மணி அடிப்பான். நாங்கள் இருபத்திரண்டு பேர். பேசிப் பழகப் பழகத் தெரிந்தது, பாதிக்கு மேல் நம்ம சனங்க. டிப்ளமா படித்தவன், பி.ஏ. படித்தவன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் முதுகு போய்த் திரும்பி வந்தவன். மிச்சப் பேரும் ஏழைப் பிள்ளைகள்தான். காசுள்ள வீட்டிலிருந்து யாரும் இந்த வேலைக்கு வரமாட்டான்.

நிபந்தனைகள் இவை. டெமோ பைக்கு 1,000 ரூபாய் டெபாசிட். ஃபில்டர் விலை 2,400. வாங்குகிறவர் வாரம் 600 வீதம் நாலு தவணை கட்ட வேண்டும். வசூல் பண்ணுவதும் நாம்தான். கமிஷன் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 360 ரூபாய். நாலாவது தவணை வந்த பிறகே அது கைக்கு வரும். நடுவில் தவணை நின்றால் கமிஷனும் இல்லை. பஸ் காசு, சாப்பாடு, செருப்பு எல்லாம் நம்முடையது. வேலை உத்தரவு கிடையாது. ‘நான் இந்த நிறுவனத்தின் ஊழியன் அல்ல, சுயதொழில் செய்பவன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் சொன்னார்: ‘இங்க உங்களுக்கு முதலாளி யாரும் கிடையாது. நீங்கதான் உங்களுக்கு முதலாளி.’ மூணு தலைமுறையா முதலாளி நிழலைப் பார்த்து ஒதுங்கிய வீட்டுப் பிள்ளைகிட்ட ‘நீதான் முதலாளி’ன்னு சொன்னா மயங்காம என்ன செய்வான்?

இந்த ஏற்பாட்டை வரலாற்றில் எங்கே பார்த்திருக்கிறோம்? அம்பேத்கர் 1928 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த ஒரு மசோதாவைப் படித்தால் தெரியும். மகார் வதன் முறையைத் திருத்த, 1874-ஆம் வருஷத்துப் பரம்பரைப் பதவிச் சட்டத்தில் மாற்றம் கேட்ட மசோதா அது. மகார்கள் அரசாங்கத்துக்கு இரவு பகலாக வேலை செய்தார்கள். தபால் சுமந்தார்கள், வரி கட்டச் சொல்லி ஆள் கூப்பிட்டார்கள், அதிகாரி வந்தால் மூட்டை தூக்கினார்கள். அரசாங்கம் கொடுத்ததோ கொஞ்சம் நிலமும் அற்பத் தொகையும். மீதியை ஊர்க்குடியானவர்களிடம் ‘பலுதா’ என்று போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது வேலை அரசாங்கத்துக்கு, கூலி ஊரார் வாசலில். ஊராருக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தால், நல்ல துணி உடுத்தினால், எதிர்த்துப் பேசினால் பலுதா நின்றுவிடும். அம்பேத்கர் கேட்டது எளிமையானது: வேலை வாங்குகிறவன் கூலியைக் கொடுக்கட்டும். பலுதாவைப் பணமாக்கி நிலவரியோடு சேர்த்து அரசாங்கமே வசூலித்துக் கொடுக்கட்டும். உழைத்தவன் வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டாம். அந்த மசோதா நிறைவேறவில்லை.

இப்போது என்னுடைய வேலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை கம்பெனிக்கு. கம்பெனியின் சரக்கைச் சுமக்கிறேன், கம்பெனியின் பெயரைச் சொல்கிறேன், கம்பெனியின் பணத்தை வசூலிக்கிறேன். கூலி மட்டும் ஊரார் வாசலில். அவர்கள் கதவைத் திறந்தால் உண்டு. மூடினால் இல்லை.

3

கதவு என்ற ஒன்றுக்கு நம் சனங்களைப் பொறுத்தவரை ஒரு தனி வரலாறு இருக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மறு வருஷம் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு அடிப்படையாக இருந்தது அந்தக் குறிப்புதான். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் கேட்கிறோமே, அதன் தொடக்கம் அது. உழைக்கிறவன் குடியிருந்த மனையும் அவனுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரனைப் பகைத்துக்கொண்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதை அவர் அதில் பதிவு செய்தார். அப்போது நம் வீட்டுக் கதவே நமக்குச் சொந்தமில்லை.

1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொது இடங்கள் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்றது அது. அதே வருஷம் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. நூறு வருஷம் முன்னால் நம்ம ஆட்கள் கேட்டது தெருவில் நடக்க. பிறகு 1971-ல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. அப்போதுதான் பண்ணையாள் வீட்டு மனை, சட்டத்தின் கண்ணிலாவது, பண்ணையாளுக்கு ஆயிற்று.

ஆக முதலில் சொந்தக் கதவு நம்முடையதில்லை. தெருவும் நம்முடையதில்லை. போராடிப் போராடித் தெரு கிடைத்தது, சொந்தக் கதவு கிடைத்தது. மிச்சம் இருப்பது அடுத்தவன் கதவு. அதற்குச் சட்டம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வீட்டு வாசலைச் சேர்க்கவில்லை. சேர்க்கவும் முடியாது. யாரை வீட்டுக்குள் விடுவது என்பது அவரவர் இஷ்டம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த இஷ்டத்தை ஒருவனுடைய கூலியாக மாற்றினால் என்ன ஆகும்? என் கேள்வி அது மட்டும்தான்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் பாடம்: ‘மூணு நிமிஷத்துல கிச்சனுக்குள்ள போயிடணும். கிச்சனுக்குள்ள போயிட்டா பாதி வியாபாரம் முடிஞ்சுது.’ ஃபில்டரைச் சமையல்கட்டு மேடையில் வைத்து, அவர்கள் குடத்துத் தண்ணியை ஊற்றி, வடிந்து வருவதை டம்ளரில் பிடித்து ‘குடிச்சுப் பாருங்கம்மா’ என்று நீட்ட வேண்டும். இந்தப் பாடத்தை எழுதியவனுக்கு யாருடைய சமையல்கட்டு, யாருடைய கை, யாருடைய தண்ணி என்ற பிரச்சினை வாழ்க்கையில் வந்ததே இல்லை. வந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டான்.

ஒரு ஊரில் நடந்தது. வாசலில் நின்ற அம்மா நன்றாகத்தான் பேசினார். பிள்ளைக்கு அடிக்கடி வயித்தால போவுது, இது நல்லதாத்தான் இருக்கும்போல என்றார். உள்ளே வரச் சொல்லிக் கதவைத் தள்ளினார். திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார்.

‘எந்தூரு தம்பி?’

சொன்னேன்.

‘அங்க எந்தப் பக்கம்? ஏரிக்கரைப் பக்கமா, கோயில் பக்கமா?’

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். முருகன் படம் போட்ட கீ செயினைப் பையில் தொங்கவிட்டவன் இருந்தான், வேறு ஊர்ப் பெயர் சொன்னவன் இருந்தான். அன்றைக்கு எனக்கு என்னவோ சலிப்பாக இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் என்றேன். பெரியவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. ‘தண்ணி எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, வேணாம்’ என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒரு பொருளை வாங்க மறுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு 360 ரூபாய் போயிற்று.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன் ஒருவன். ஊர்த்தெருப் பையன், பத்தாவது ஃபெயில். நல்லவன், என்னோடு ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டவன். அதே பை, அதே பேச்சு, அதே தெருக்கள். அவனிடமும் ‘எந்தூரு’ என்றுதான் கேட்பார்கள். அவன் சொன்னதும் ‘அங்க இன்னார் தெரியுமா’ என்று பேச்சு வளர்ந்து, மாமா முறையோ சித்தப்பா முறையோ ஆகி, காபி வந்துவிடும். அந்த 26 நாளில் அவன் 19 ஃபில்டர் விற்றான். மணி அடித்தான். எனக்கு மேனேஜர் சொன்னது: ‘உனக்குப் படிப்பு இருக்கு, ஆனா ஆட்டிட்யூட் சரியில்ல.’ இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சம்பள வேலையில் ஒரு முதலாளி சாதி பார்த்துக் கூலியைக் குறைத்தால் அது வெளியே தெரியும், கேள்வி கேட்கலாம். கமிஷன் வேலையில் முதலாளி சாதி பார்க்கவே தேவையில்லை. ஆயிரம் வாசல்கள் அவனுக்காகப் பார்த்துவிடும். கடைசியில் சாதி நம் கைக்கு ‘திறமைக் குறைவு’ என்ற பெயரில் வந்து சேரும்.

4

அந்த வருஷம் வேறு சாதாரண வருஷமில்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். ஒரு தலித் பையனும் வேறு சாதிப் பெண்ணும் கலியாணம் பண்ணிக்கொண்டதுதான் காரணம். 2013 ஜூலை 4-ஆம் தேதி அந்தப் பையன் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். ஜீன்ஸ் போட்டுக் கூலிங்கிளாஸ் மாட்டிய தலித் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வட மாவட்டங்களில் அந்தப் பேச்சு ஒவ்வொரு திண்ணைக்கும் போயிருந்தது.

அப்போது கம்பெனி எங்களிடம் என்ன சொன்னது? இஸ்திரி போட்ட சட்டை, டை, ஷூ. பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் போக வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, பெண்கள் தனியா இருப்பாங்க, ஃபில்டர் வேணும்னு முடிவு பண்றது அவங்கதான். சிரித்துப் பேச வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு தலித் பையனை அந்த வருஷத்தில், அந்த மாவட்டங்களில், அந்த நேரத்தில், அந்தத் தோற்றத்தில், தனியாக இருக்கும் பெண்ணின் சமையல்கட்டுக்குள் அனுப்பினார்கள். அடி விழுந்தால் அது ‘சுயதொழில்’ செய்பவனுக்கு விழுந்த அடி. எங்களில் ஒருவனை ஒரு ஊரில் பையைப் பிடுங்கி உட்கார வைத்துவிட்டார்கள். மூணு மணி நேரம் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் போய்க் கூட்டிவந்தார். கம்பெனி கேட்ட ஒரே கேள்வி, ‘டெமோ பீஸ் பத்திரமா இருக்கா?’

அதற்குப் பிறகு நாங்கள் சில ஊர்களுக்குப் போவதில்லை, சில தெருக்களுக்குப் போவதில்லை என்று எங்களுக்குள் முடிவு பண்ணிக்கொண்டோம். 1924 தீர்மானம் கொடுத்த தெருவை 2013-ல் நாங்களாகவே திருப்பிக் கொடுத்தோம்.

5

அப்படியானால் எங்கே விற்றோம்? இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

விற்பனை மந்தமானதும் மேனேஜர் ஒரு நோட்டைக் கொடுத்து ‘உங்களுக்குத் தெரிஞ்ச நூறு பேர் பேரை எழுதுங்க’ என்றார். இன்ஷூரன்சிலிருந்து சங்கிலி வியாபாரம் வரைக்கும் எல்லாக் கமிஷன் தொழிலிலும் இந்த நோட்டு உண்டு. கடைக்காரர், வாத்தியார், கான்ட்ராக்டர் என்று சொந்தக்காரர்கள் உள்ளவனுக்கு அந்த நோட்டு ஒரு சொத்து. என் நோட்டில் இருந்த நூறு பேரில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள். எனக்குத் திறந்த வாசல் அவர்கள் வாசல்தான். ‘நம்ம புள்ள, எம்.ஏ. படிச்சிருக்கு, சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று திறந்தார்கள்.

அங்கே ஒரு வித்தை காட்டுவோம். ஒரு டம்ளரில் அவர்கள் வீட்டுத் தண்ணி. இன்னொரு டம்ளரில் ஆபீசில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் தண்ணி, ஃபில்டர் தண்ணி என்று சொல்லி. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தால் வீட்டுத் தண்ணி பழுப்பாகிக் கசடு மிதக்கும், பாட்டில் தண்ணி தெளிவாக நிற்கும். ‘பாத்தீங்களா, இதத்தான் நீங்க குடிக்கிறீங்க.’ சனங்க வாயடைத்துப் போவார்கள். அதன் விஷயம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சாதாரணத் தண்ணியில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய தண்ணியில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. கசடு தண்ணியில் இல்லை, கம்பியில் இருந்தது. நாங்கள் விற்ற ஃபில்டர் உப்பை நீக்கும் ஃபில்டரும் இல்லை. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்டால், தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் பதில்.

1927-ல் மகாத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணியைக் கையால் அள்ளிக் குடித்தார். சேரிக்காரன் தொட்டால் தண்ணி கெடும், சேரித் தண்ணியே அசுத்தம் என்று ஊர் காலங்காலமாகச் சொன்னதை எதிர்த்து நின்ற வரலாறு அது. நான் என்ன செய்தேன்? எங்க சனங்க குடிக்கிற தண்ணி அழுக்குன்னு கம்பி போட்டு நிரூபிச்சுக் காட்டினேன். 360 ரூபாய்க்கு.

என் அத்தை ஒருத்தி வாங்கினாள். நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 148 ரூபாய். வாரத் தவணை 600. ஏரி வேலைக்குப் போய் மண் சுமந்த காசை, மகளிர் குழுக் கடனோடு சேர்த்து, நாலு வாரமும் நாள் தவறாமல் எண்ணிக் கொடுத்தாள். ஒரு தவணைக்குக்கூட என்னை இரண்டாவது தடவை நடக்க விடவில்லை. ‘உனக்குக் கமிஷன் போயிடப் போவுதுடா’ என்றாள். தண்ணி வேண்டும் என்று அவள் வாங்கவில்லை, எனக்குக் கூலி கிடைக்கட்டும் என்று வாங்கினாள். கம்பெனி கொடுக்க வேண்டிய கூலியை ஒரு மண் சுமக்கிற பொம்பளை கொடுத்தாள். அதோடு கம்பெனிக்கு 2,040 ரூபாயும் சேர்த்துக் கொடுத்தாள். ஆறு மாசத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்றுப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதில் இப்போது உளுந்து கொட்டி வைத்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 26 நாள். நாளுக்கு 40 வாசல் என்றால் ஆயிரத்துச் சொச்சம் வாசல். விற்றது 7. அதில் 5 நம்ம தெருக்களில். ஒருவர் இரண்டாவது தவணையோடு நிறுத்திக்கொண்டார், அது போயிற்று. மிச்சம் ஆறுக்கு 2,160 ரூபாய். பஸ்ஸுக்கு நாள் 40, டீ சாப்பாட்டுக்கு நாள் 35. மொத்தச் செலவு 1,950. கையில் நின்றது 210 ரூபாய், அதுவும் கடைசித் தவணைகள் வந்து முடிந்த பிறகு. நாளுக்கு எட்டு ரூபாய். மண் சுமந்த அத்தைக்கு 148, எம்.ஏ. படித்த எனக்கு 8. இரண்டு மாசத்தில் நின்றுவிட்டேன். டெபாசிட் திரும்பி வரவில்லை.

6

இது சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் வெளியே வைத்திருக்கிறது.

வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் வைத்தார். 1948-ல் அது சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கும், வேலை செய்த நேரத்துக்கு இவ்வளவு கட்டாயம் என்று ஒரு தரையைப் போட அது இடம் தந்தது. உருப்படி குறைந்தாலும் கூலி தரைக்குக் கீழே போகாது. நம்ம சனங்களுக்குக் கூலி என்பது எப்பேர்ப்பட்ட சொல் என்று தெரிந்தவர் போட்ட தரை அது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்களே, அது எதற்கு? நெல் கூலியை உயர்த்திக் கேட்டதற்கு, செங்கொடிச் சங்கத்தில் நின்றதற்கு. மறு வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய சொல் அது.

அந்தச் சொல்லிலிருந்துதான் கமிஷனை விலக்கியிருக்கிறார்கள். 1952 வருங்கால வைப்பு நிதிச் சட்டம், அடிப்படைக் கூலியில் கமிஷன் சேராது என்றது. 1965 போனஸ் சட்டம் கூலியில் கமிஷன் சேராது என்றது. 1972 பணிக்கொடைச் சட்டமும் அதையே சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் விலக்குப் பட்டியலில் கமிஷனை வைத்திருக்கிறது. விலக்கியவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையைக் கூலியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் நுழைய முதலில் நீ ‘ஊழியன்’ என்று நிரூபிக்க வேண்டும். நீதான் ஊழியன் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே!

எல்லா விற்பனையாளர்களும் இப்படி விடப்பட்டவர்கள் இல்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் 1963-லேயே அகில இந்தியச் சம்மேளனம் கட்டினார்கள். 1976-ல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் வந்தது. வேலை உத்தரவு, விடுப்பு, தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. எல்.ஐ.சி. ஏஜெண்டும் கமிஷன்காரர்தான். ஆனால் அவருக்குப் புதுப்பிப்புக் கமிஷன் உண்டு, 1972 ஏஜெண்டு விதிகளில் பணிக்கொடைக்கும் இடம் இருந்தது. சங்கம் இருந்த இடத்தில் தரை கிடைத்திருக்கிறது. 2021-ல் மத்திய அரசு நேரடி விற்பனை விதிகள் போட்டது. அடையாள அட்டை இல்லாமல், முன் அனுமதி இல்லாமல் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்கிறது. வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு, நல்லதுதான். வாசலில் நிற்கிறவனின் கூலியைப் பற்றி அதில் ஒரு தரையும் இல்லை. அதே வருஷம் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்து சட்டம் திருத்தினார்கள். எங்களுக்கு உட்காரக் கடை ஏது?

1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்குகிற உழைப்பு, அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவில் தடைசெய்த கட்டாய உழைப்புதான். அடித்து வாங்கினால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் தள்ளினாலும் கட்டாயம்தான். நாளுக்கு எட்டு ரூபாய்க்கு நடந்ததை அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். என்னை யாரும் அடித்து இழுத்துப் போகவில்லை. நோட்டீஸ் பார்த்து நானே போனேன். எம்.ஏ. படித்தவனுக்கு வேறு கதவு எதுவும் திறக்கவில்லை என்பதால் போனேன். கல்வெட்டில் இருந்த வெட்டிக்கு டை கட்டிவிட்டால் கமிஷன்.

7

இன்றைக்குப் பை போய் கைப்பேசி வந்திருக்கிறது. வாசலில் ஒரு பையன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறான். ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் வராத நேரம் அவனுடைய நேரம். அவனையும் ‘பார்ட்னர்’ என்கிறார்கள், எங்களை ‘முதலாளி’ என்ற மாதிரியே. காலனி என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025-ல் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் திண்ணைப் பெரியவர் காலனி என்ற சொல்லைச் சொல்லவே இல்லையே. ஏரிக்கரைப் பக்கமா, கோயில் பக்கமா என்றுதானே கேட்டார்?

நம் இயக்கங்கள் நிலத்தைப் பேசியிருக்கின்றன, இடஒதுக்கீட்டைப் பேசியிருக்கின்றன, வன்கொடுமையைப் பேசியிருக்கின்றன. படித்து முடித்துவிட்டுக் கமிஷனுக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் தோற்று வந்தால் ‘சாமர்த்தியம் போதல’ என்று நம் வீட்டிலேயே சொல்கிறோம். தோழர்கள் அவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். எத்தனை வாசல், எத்தனை கேள்வி, எத்தனை விற்பனை, யார் வீட்டில் விற்றாய், கையில் என்ன நின்றது என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொருவனும் அதைத் தன் தோல்வி என்று மறைத்து வைத்திருக்கிறான். எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைத்தால்தான் அது யாருடைய தோல்வி என்று தெரியும்.

கேட்க வேண்டியது 1928-ல் கேட்டதேதான். வேலை வாங்குகிறவன் கூலியைக் கொடுக்கட்டும். நடந்த நாளுக்கு ஒரு கூலி, அதற்கு மேல் விற்றால் கமிஷன். கதவு திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, நடந்தவனுக்கு நடந்த கூலி வேண்டும்.